மலை மாட்டுக்கு அகத்திக்கீரை

1

ஆல்ப்ஸ் மலைக்கு எதற்குப் போனீர்கள் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். மாட்டைத் தேடிப் போனோம். படம் பிடிக்கப் போகவில்லை, பனி பார்க்கவும் போகவில்லை. நாங்கள் ஏறிய உயரத்தில் கோடையில் பனியே கிடையாது.

அன்று ஆடி அமாவாசை. என் மாமனார் இறந்த பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை. மயிலாப்பூர் என்றால் இது ஒரு வேலையே இல்லை. குளத்துப் பக்கம் அகத்திக்கீரைக் கட்டு விற்கும் அம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்திலேயே மாடும் கட்டியிருக்கும். கட்டை வாங்கி மாட்டுக்குக் கொடுத்து, அதன் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தென்கோடியில், ஆல்கோய் என்ற பகுதியில், ஒரு சின்ன நகரத்தில். நான் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்கள் தெருவில் மாடு வராது. நாய்க்கே வரி கட்டும் ஊர் இது. கோடை வந்தால் சுற்றுவட்டாரத்து மாடுகளில் பாதியை மலைமேல் ஓட்டிவிடுவார்கள். புல் உயரத்தில்தான் நன்றாக இருக்குமாம். அதனால் என் வீட்டுக்காரர் பாபு முடிவு செய்துவிட்டார். மாடு கீழே வராது என்றால் நாம் மேலே போகலாம்.

கீரைக்கும் பாடுபட்டோம். பக்கத்துப் பெரிய நகரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பாபு போய் அகத்தி கேட்டதும் அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணை, விமானத்தில வந்தாத்தான் உண்டு. வந்தா எடுத்து வைக்கிறன். ஆருக்கு, வீட்டில ஆருக்கும் வாய்ப்புண்ணோ?"

"இல்லங்க, மாட்டுக்கு."

அமாவாசைக்கு முந்தின நாள் போனபோது கடைக்காரர் ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தார். அதை ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தோம். அமாவாசை காலையில் எடுத்துப் பார்த்தால் இலைகள் தொங்கிப்போயிருந்தன. அவ்வளவு தூரம் பறந்து வந்தால் மனுஷனே தொங்கிப்போகிறான்.

2

பாபுவின் அப்பா மாசியில் இறந்தார். அவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடையாறு, கோட்டூர்புரம் பக்கமெல்லாம் தண்ணி லாரி ஓட்டியவர். ஆற்றோரத்தில் இருந்த வீட்டை இடித்து அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நான்காவது மாடியில் பாபுவின் தம்பி சீனுவோடு இருந்தார். தூக்கத்தில் போய்விட்டார்.

பாபுவால் போக முடியவில்லை. அந்தச் சமயத்தில், இந்த நாட்டில் தங்குவதற்கான அவருடைய வசிப்பு அட்டைக்குக் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கக் கொடுத்தாகிவிட்டது, அட்டை வரவில்லை. அதைத் தரும் அலுவலகத்தில் நேரில் போய் நிற்க முடியாது. முன்பதிவு வேண்டும். முன்பதிவுக்கு இணையத்தில் போனால் 'இடம் இல்லை, பிறகு முயற்சி செய்யவும்' என்று வரும். அப்பா இறந்துவிட்டார், போனால் திரும்பி வர விடுவீர்களா என்று எழுதிக் கேட்டோம். 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது' என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அலுவலக வாசலில் போய் நின்று கத்தினேன். காவலுக்கு நின்ற ஆள் மிக மரியாதையாக, "முன்பதிவு இருக்கிறதா?" என்றான்.

பாபு போயிருந்தால் திரும்பி வர முடியாமல் போகலாம். வேலை போய்விடும். போகாமலே இருந்துவிட்டார். மூத்த மகன் அவர்தான். கொள்ளி வைத்ததும் பதினாறாம் நாள் காரியம் செய்ததும் சீனு. எல்லாம் முடிந்த அன்று சீனு போன் செய்தான்.

"எல்லாம் முட்ச்சிட்டேன். நீ அங்கயே இரு."

அவ்வளவுதான் பேசினான். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவில்லை. எனக்கு மட்டும் பொங்கலுக்கு அனுப்புவது மாதிரி ஒரு பூப்படம் எப்போதாவது வாட்ஸப்பில் அனுப்புவான்.

பாபு என்னிடம் ஒருமுறைதான் இதைப் பற்றி வாய் திறந்தார். "கொள்ளி வெக்க நான் வரலன்னு நைனாவும் கோவத்தோடதான் பூட்டாரு, செல்வி." அந்த நினைப்பு அவரை அரித்தது. பார்சல் கிடங்கில் வேலை முடிந்து வந்து தட்டின்முன் உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவார். அமாவாசை நெருங்கியபோது ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். கீரையை மாடு வாங்கிக்கொண்டால் நைனா கோபம் தணிந்தது என்று அர்த்தம். மாடு தின்ற பிறகுதான் தான் சாப்பிடுவது, அதுவரை பச்சைத்தண்ணீர் மட்டும்.

செத்தவர் மாட்டு வயிற்றின் வழியாகச் சாப்பிடுவார் என்பதை நான் நம்பவில்லை. நர்ஸ் வேலையில் நிறையச் சாவு பார்த்துவிட்டேன். ஆனால் உயிரோடு இருக்கிற ஓர் ஆள் கண்முன்னே மெலிந்துகொண்டே போவதை நம்பித்தான் ஆக வேண்டும். புளிசாதம் கிளறி டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

3

ரயில், அப்புறம் பஸ். பஸ் கடைசியாக நிற்கும் ஊரில் இறங்கினோம். மரத்தால் கட்டிய வீடுகள். ஒவ்வொரு சன்னலிலும் சிவப்புப் பூ. ஒவ்வொரு சுவரோரமும் குளிர்காலத்துக்கு வெட்டிய விறகு, தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கினாற்போல. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மூடக் குழாய் இல்லை. வீணாகப் போகிறதே என்று பாபு சுற்றிச் சுற்றி வந்து தேடினார். தண்ணி லாரிக்காரர் மகனுக்கு அது பொறுக்கவில்லை.

எங்கள் மகள் கயலுக்குப் பதினான்கு வயது. பள்ளி விடுமுறை. சினேகிதிகளோடு ஏரிக்கு நீந்தப் போவதாக இருந்தவளை இழுத்து வந்திருந்தோம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். வீட்டிலும் இப்போது அப்படித்தான். திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். வாயில் வருவதைத்தானே பேச முடியும் என்கிறாள்.

ஊரைத் தாண்டியதும் புல்வெளி. நான் இதுவரை புல்லை ஒழுங்காகப் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பச்சைப் பாய் மாதிரி தெரிந்தது. கிட்டப் போனால் பாதிக்கு மேல் பூ. மஞ்சள், ஊதா, பஞ்சு மாதிரி வெள்ளை. குனிந்து குனிந்து பார்த்ததில் பின்தங்கிவிட்டேன். செங்குத்தான சரிவில் ஒரு குடும்பமே காய்ந்த புல்லை வாரிக்கொண்டிருந்தது. மெஷின் அங்கே ஏறாதாம். நிற்கவே முடியாத இடத்தில் முள்கட்டிய பூட்ஸ் போட்டுக்கொண்டு கையால் வாருகிறார்கள். இவ்வளவு பணக்கார நாட்டில் இப்படி ஒரு வேலையா என்று வாய்பிளந்து நின்றேன்.

இன்னொரு விஷயமும் விளங்கவில்லை. எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பார். மலைப்பாதையில் எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள். அதுவும் 'நீ' போட்டுப் பேசுகிறார்கள். கயலைக் கேட்டேன். கொஞ்சம் உயரம் ஏறிவிட்டால் 'நீங்கள்' கிடையாது, எல்லோரும் 'நீ'தான், அது இங்கே வழக்கம் என்றாள். மரியாதை மூச்சு வாங்கி வழியிலேயே உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது.

அடுத்த குக்கிராமத்தில் ஐந்தாறு வீடும் ஒரு கோயிலும்தான். கோயில் என்றால் அவர்கள் கோயில், சின்ன மணியோடு. அங்கே ஒரு ஆள் வேலியோரம் நின்று மாடுகளைக் கூப்பிட்டான். தொண்டையிலிருந்து இழுத்து ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், நினைவு தப்பியவர். சாயங்காலமானால் சன்னலைப் பிடித்துக்கொண்டு இதே சத்தம் போடுவார். வலி என்று நினைத்து நாங்கள் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் மாட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! அறிக்கையில் 'காரணமின்றிக் கத்துகிறார்' என்று எழுதுகிறவர்களை ஒருநாள் இந்த மலைக்கு ஏற்ற வேண்டும்.

பாபுவுக்கு வியர்த்து ஊற்றியது. நடை தளர்ந்தது. ஒரு பாறையில் உட்கார வைத்து நாடி பிடித்தேன்.

"ஒரு பழமாவது துன்னு. மயக்கம் போட்டு வுழுந்தா ஹெலிகாப்டர்தான் வரணும் இங்க."

"வரட்டும்மே. நைனா ஹெலிகாப்டர கிட்டக்க பாத்ததே இல்ல."

"பாத்துட்டு பக்கத்துல எடம் போட்டு வெப்பாரு உனக்கு."

சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். பழத்தைத் தொடவில்லை.

4

மேலே ஏறியதும் முதலில் மணிச் சத்தம்தான் கேட்டது. நிறைய மணி, ஒன்றுக்கொன்று சேராமல். மேட்டைத் தாண்டினால் மாடுகள். பழுப்பு நிறம், பெரிய கண், பளபளவென்று இருக்கின்றன. சுவரொட்டி தின்கிற நம் மாடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை வேறு சாதிப் பிராணிகள்.

பாபு கீரையைப் பையிலிருந்து எடுத்தார். மாட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் வெள்ளை நாடா ஒன்று இடுப்பு உயரத்தில் ஓடியது. நாடாதானே என்று கையால் தூக்கிக்கொண்டு குனிந்தார். அடுத்த நொடி துள்ளி விழுந்தார்.

"அய்யோ! கரண்டு வெச்சிக்கிறாங்கமே!"

"அப்பா, போர்டு இருக்கு! படம்கூட போட்டிருக்கு!" என்று கத்தினாள் கயல். அதிர்ச்சியில் தமிழ் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மலைக்குடிலிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். என் வயதுதான் இருக்கும். ரப்பர் பூட்ஸ், முழங்கைவரை ஈரம். பேர் ரெஸி. கோடை முழுக்க அந்த மாடுகளை அங்கே தங்கிப் பார்த்துக்கொள்கிறவள். பாபு கையில் இருந்த கட்டைப் பார்த்ததும் விரலை நீட்டித் திட்ட ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் புரிந்தது. நானும் பதிலுக்குக் குரலை உயர்த்தினேன். கயல் நடுவில் வந்து நின்றாள்.

"அம்மா, சும்மா இரு. இந்தப் பால்ல சீஸ் பண்றாங்க. வெளிய இருந்து எதுவும் குடுக்கக் கூடாது. குடுத்தா சீஸ் கெட்டுப்போகும்."

"நம்ம ஊர்ல மாடு வாழைப்பழத் தோல் துன்னுட்டு பால் குடுக்குது."

"நம்ம ஊர்ல சீஸ் பண்ணலையே!"

பிறகு அவள் ரெஸி பக்கம் திரும்பி அந்த மலைப்பேச்சிலேயே பேசினாள். நீளமாகப் பேசினாள். தாத்தா செத்துப்போனது, அலுவலகம் அட்டை தராமல் இழுத்தடித்தது, அப்பா போக முடியாதது, இன்று என்ன நாள், அப்பா காலையிலிருந்து சாப்பிடாதது. எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பாட்டு மாட்டிய காதில்தான் இதெல்லாம் ஏறியிருக்கிறது.

ரெஸி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். அலுவலகம் என்றதும் புல்லில் துப்பினாள். அந்த ஒரு செயலில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பிறகு தன் மாட்டின் காதில் தொங்கிய மஞ்சள் வில்லையைக் காட்டினாள். ஒவ்வொரு மாட்டுக்கும் பாஸ்போர்ட் உண்டாம். தாயார் எண், பிறந்த கொட்டகை எல்லாம் எழுதி. அந்த முகட்டுக்கு அப்பால் ஆஸ்திரியா. அங்கேயும் இவளுக்கு மேய்ச்சல் உண்டு. மாடுகள் காகிதத்தோடு போய்விட்டுக் கோடை முடிந்ததும் திரும்பி வந்துவிடுகின்றன.

"மாட்டுக்கு முன்பதிவு வேணுமான்னு கேளு" என்றேன். கயல் கேட்டாள். ரெஸி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

பால் கறக்காத இளம் மாடுகள் கொஞ்சம் மேலே இருக்கின்றன, அவற்றுக்குக் கொடுக்கலாம் என்றாள். ஆனால் இந்த இலை என்ன, விஷமா, நல்லதா? பேர் சொன்னால் அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு கொத்து உருவி என் வாயில் போட்டு மென்று காட்டினேன். பச்சை அகத்தி என்ன கசப்பு! முகம் மாறாமல் விழுங்கினேன். அவளும் ஓர் இலை மென்றாள். உடனே துப்பிவிட்டு ஏதோ சொன்னாள்.

"தாத்தாவுக்கு நிஜமாவே இது பிடிக்குமான்னு கேக்கறாங்க" என்றாள் கயல்.

5

இளம் மாடுகளுக்கு எல்லாவற்றிலும் ஆர்வம். எங்களைக் கண்டதும் கூட்டமாக ஓடிவந்து நின்றன. ரெஸி மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒன்றைக் கழுத்துப் பட்டையில் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். பாபு செருப்பைக் கழற்றினார். சில்லென்ற புல்லில் வெறுங்காலோடு நின்று, கட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

மாடு முகர்ந்தது. மூக்கால் ஊதியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுபடி நீட்டினார். மறுபடி திருப்பியது. வேறு மாட்டைக் கொண்டுவந்தாள் ரெஸி. அது முகரக்கூட இல்லை. காலடியில் கிடந்த புல்லைப் பிடுங்கித் தின்றது.

பாபு கட்டைக் கீழே இறக்கிவிட்டார். "கோவமா கீறாரு" என்றார். எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை, மாட்டுக்குச் சொன்ன மாதிரியும் இல்லை. "வுடு செல்வி. கோவமாத்தான் கீறாரு. கீழ போலாம்."

நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். புதுச் சாமானை எந்த மாடு தின்னும், இதில் நைனா எங்கே வந்தார் என்று கேட்டிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் கழற்றிய செருப்பைக் குனிந்து கையில் எடுத்துக்கொண்டேன்.

ரெஸிக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. பூட்ஸோடு குடிலுக்கு ஓடினாள். ஒரு தோல்பையோடு வந்தாள். உள்ளே தவிடு கலந்த உப்பு. மாட்டைக் கூப்பிட மேய்ப்பவர்கள் எப்போதும் இடுப்பில் கட்டியிருப்பது. மலைப்புல்லில் உப்புச் சத்து போதாது, உப்பு என்றால் மாடு எதையும் தின்னும் என்றாள். கீரைமேல் தூவச் சொன்னாள்.

பாபு பின்வாங்கினார். "உப்பு போட்டு எப்பிடி? சாமி காரியத்துக்கு உப்பு போட்டா ஆவுமா? எனக்குத் தெரியலயே. சீனுக்குத்தான் தெரியும். அவன்தான் எல்லாம் செஞ்சான்."

"கேளு அவன."

"நான் எப்பிடிக் கேக்கறது?"

நானே போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"இன்னா அண்ணி?"

"சீனு, அமாவாசைக்கு மாட்டுக்கு வெக்கிற கீரையில உப்பு போடலாமா?"

"உப்பா? எதுக்கு?"

"மாடு துன்ன மாட்டேங்குது. உப்பு போட்டாதான் துன்னுமாம். உங்க அண்ணன் ஆவாதுன்னு நிக்கிறாரு."

"எங்க கீறீங்க?"

"மலை மேல."

"மாட்டுக்காக மலை ஏறினீங்களா?"

"பின்ன, டூருக்கா வந்தோம்?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பிரஷர் குக்கர் விசில் கேட்டது.

"அண்ணி, நைனாவுக்கு உப்பில்லாம என்னிக்காவது தொண்டையில எறங்கிக்கீதா? பிரஷரு, உப்ப கொறன்னு சொன்ன டாக்டரையே மாத்தினவரு அவரு. போடச் சொல்லு. ரெண்டு கையால அள்ளிப் போடச் சொல்லு அந்தாள."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. பாபு கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து பைக்குள் கைவிட்டு ஒரு பிடி உப்பை எடுத்துக் கீரைமேல் தூவினார். மாடு காதை முன்னால் மடித்தது. ஓர் எட்டு வைத்தது. சொரசொரப்பான நாக்கை நீட்டி முதலில் அவர் கையை நக்கியது. அப்புறம் ஒரு கொத்தை வளைத்து இழுத்தது. மென்றது. மற்றவை முட்டிக்கொண்டு வந்தன. ரெஸி தோளால் நெட்டித் தள்ளினாள். காம்பு மிச்சமில்லாமல் கட்டு தீர்ந்தது.

கயல் போனை வாங்கி வீடியோவுக்கு மாற்றி மாட்டின் பக்கம் திருப்பிக் காட்டினாள். "சித்தப்பா, தெரியுதா?"

"இன்னாம்மா மாடு இது? சோப்பு போட்டுக் குளிப்பாட்டுவாங்களா? எங்க உங்கப்பன்? காட்டு."

பாபு போன் முன்னால் வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீனுவுக்கு முன்தலையில் முடி குறைந்திருந்தது. பாபுதான் முதலில் பேசினார்.

"துன்னியாடா?"

"இல்ல."

"மணி இன்னா அங்க?"

"ஆவுது சாயங்காலம். காக்காக்கு வெச்சேன். நான் துன்னல."

"ஏண்டா?"

"பெரிய புள்ள நீ வெக்காம நான் எப்பிடி துன்றது? நீ வெப்பியா, மறந்துட்டியான்னு பாத்துக்கினு கீறேன்."

"போன் பண்ணிக் கேக்கறதுதானே?"

"நீ பண்றதுதானே?"

மாடு பாபுவின் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கையை இழுக்கவில்லை.

"போய் சோறு போட்டுக்கினு வா" என்றார் பாபு. "போன வெக்காத."

சீனு தட்டோடு வந்து போனை எதிலோ சாய்த்து வைத்தான். கூரையும் மின்விசிறியும் பாதி முகமும் தெரிந்தன. நாங்கள் குடிலின் வெளிப்பலகையில் உட்கார்ந்தோம். கயல் என் போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து அப்பாவின் எதிரில் வைத்தாள். ரெஸி தானாக வந்து ஒரு துண்டு சீஸை வைத்துவிட்டுப் போனாள். நான் டப்பாவைத் திறந்து புளிசாதத்தைத் தட்டில் வைத்தேன்.

பெரும்பாக்கத்தில் ஒருவன் தலைகுனிந்து மென்றான். இங்கே ஒருவர் தலைகுனிந்து மென்றார். தட்டு காலியானதும் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தேன். அதுவும் தீர்ந்ததும் பாபு தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.